உடல் பருமனும் ரத்தப் புற்றுநோயும்: தொடர்பு எங்கே இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது

ரத்தப் புற்றுநோய் என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். அந்தப் பெயருக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட நோய்கள் இருக்கின்றன. ஒன்று குழந்தைகளைப் பிடிக்கும், இன்னொன்று எழுபது வயதில் எட்டிப் பார்க்கும். ஒன்று சில வாரங்களிலேயே ஆளைச் சாய்த்துவிடும், மற்றொன்று பத்து வருடம் சும்மா கிடக்கும். அதனால் "குண்டாக இருந்தால் ரத்தப் புற்றுநோய் வருமா?" என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. எந்த ரத்தப் புற்றுநோய் என்று முதலில் கேட்க வேண்டும்.

பெரிய குடும்பங்கள் மூன்று. எலும்பு மஜ்ஜையில் ரத்த அணுக்கள் உருவாகும்போதே அவற்றின் வளர்ச்சி தடம் புரண்டால் அது லுகேமியா. நிணநீர்க் கணுக்களிலும் மண்ணீரலிலும் குடியிருக்கும் லிம்போசைட் என்ற வெள்ளையணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகினால் லிம்போமா. நோய் எதிர்ப்புப் புரதங்களைத் தயாரிக்கும் பிளாஸ்மா செல்கள் மஜ்ஜைக்குள் பெருகி, எலும்பை அரித்து, சிறுநீரகத்தையும் கெடுத்தால் அது மல்டிபிள் மைலோமா. உடல் எடையோடு மிகத் தெளிவாகத் தொடர்புபடுவது இந்த மூன்றாவதுதான். அதிகம் பேசப்படாததும் இதுதான்.

பிழை எப்படி நுழைகிறது

வளர்ந்த ஒருவரின் மஜ்ஜை நாளொன்றுக்குச் சுமார் 20,000 கோடி சிவப்பணுக்களைத் தயாரிக்கிறது. வெள்ளையணுக்களும் தட்டணுக்களும் தனிக்கணக்கு. இவ்வளவுக்கும் மூலமான ஸ்டெம் செல்கள் பிரியும் ஒவ்வொரு முறையும் டிஎன்ஏ முழுவதையும் படியெடுக்க வேண்டும். படியெடுக்கும்போது பிழை விழத்தான் செய்யும். பெரும்பாலான பிழைகளால் ஒன்றும் ஆவதில்லை. எப்போதாவது ஒரு பிழை, அந்தச் செல்லுக்குப் பக்கத்துச் செல்களைவிட வேகமாகப் பெருகும் சக்தியைக் கொடுத்துவிடும். அதன் வாரிசுகள் மெல்ல மெல்ல மஜ்ஜையில் இடம் பிடிக்கும். 70 வயதைத் தாண்டியவர்களில் பத்தில் ஒருவருக்கு மேல் இப்படிப்பட்ட செல் கூட்டம் ரத்தத்தில் இருக்கிறது. டிஎன்எம்டி3ஏ, டெட்2, ஏஎஸ்எக்ஸ்எல்1 என்ற மூன்று மரபணுக்களில்தான் இந்தப் பிழைகள் அதிகம் காணப்படுகின்றன. இது புற்றுநோய் அல்ல. இப்படி இருப்பவர்களில் ஆண்டுக்கு 0.5 முதல் 1 சதவீதம் பேருக்குத்தான் ரத்தப் புற்றுநோயாக மாறுகிறது.

ஆக, வயதும் தற்செயலும்தான் முதல் காரணங்கள். ஒழுங்காகச் சாப்பிட்டு, தினமும் ஓடி, ஒரு சிகரெட்கூடத் தொடாதவருக்கும் லுகேமியா வருவது இதனால்தான். குழந்தைகளுக்கு வரும் லுகேமியாவுக்குப் பெற்றோரின் சமையலறையில் காரணம் தேடுவது வீண் வேலை, கொடுமையும்கூட. வாழ்க்கைமுறை எங்கே வருகிறது என்றால், பிழை விழுந்த அந்தச் செல்லுக்குச் சுற்றுப்புறம் சாதகமாக இருக்கிறதா, பாதகமாக இருக்கிறதா என்பதில். சிகரெட் போன்ற ஓரிரு விஷயங்கள் மட்டும் பிழையையே நேரடியாக உண்டாக்குகின்றன.

எந்த வகைக்கு எவ்வளவு ஆதாரம்

உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை, அதுவரை வந்திருந்த ஆய்வுகளையெல்லாம் 2016-இல் மொத்தமாக எடைபோட்டுப் பார்த்தது. அதிகப்படியான உடல் கொழுப்பைத் தவிர்த்தால் ஆபத்து குறையும் என்பதற்குப் போதுமான ஆதாரம் இருப்பதாக 13 புற்றுநோய்களைப் பட்டியலிட்டது. அதில் ரத்தப் புற்றுநோய் ஒன்றே ஒன்று: மல்டிபிள் மைலோமா. லிம்போமாக்களில் பரவலாகக் காணப்படும் டிஃப்யூஸ் லார்ஜ் பி-செல் வகைக்கு ஆதாரம் இருக்கிறது, ஆனால் குறைவு என்று சொன்னது.

லுகேமியாவில் நிலைமை கலவையானது. பெரியவர்களுக்கு வரும் தீவிர மைலாய்ட் லுகேமியா பருமனானவர்களிடம் சற்றுக் கூடுதலாகக் காணப்படுகிறது. அதன் ஓர் உட்பிரிவான புரோமைலோசைட்டிக் லுகேமியாவில் இந்தத் தொடர்பு இன்னும் அழுத்தமாகத் தெரிகிறது. நாள்பட்ட லிம்போசைட்டிக் லுகேமியாவில் அவ்வளவு தெளிவில்லை. "பருமன் ரத்தப் புற்றுநோயை உண்டாக்கும்" என்று ஒரே வரியில் எழுதுபவர்கள் இந்த வேறுபாடுகளை எல்லாம் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

அளவையும் பார்த்துவிடலாம். அந்த 2016 மதிப்பீட்டின்படி, மிக அதிக பருமன் உள்ளவர்களுக்கு மைலோமா வரும் வாய்ப்பு சரியான எடை உள்ளவர்களைப்போல சுமார் 1.5 மடங்கு. அதே மதிப்பீட்டில் கருப்பையின் உட்சுவர்ப் புற்றுநோய்க்கு இது சுமார் 7 மடங்கு. ஒன்றரை மடங்கு என்றதும் திடுக்கிட வேண்டாம். எதன் ஒன்றரை மடங்கு என்று பாருங்கள். மைலோமா கூடுதலாகக் காணப்படும் அமெரிக்காவில்கூட, ஒருவருக்கு வாழ்நாளில் அது வரும் வாய்ப்பு 1 சதவீதத்துக்குக் கீழேதான். ஆயிரம் பேரில் 8 பேர் என்று வைத்துக்கொண்டால், ஒன்றரை மடங்கு என்பது 12 பேர். மீதி 988 பேருக்கு வரப்போவதில்லை. தனி மனிதருக்கு இது சின்ன மாற்றம். கோடிக்கணக்கானோர் பருமனாக இருக்கும் உலகத்துக்கு அது சின்ன எண்ணிக்கை அல்ல. 2022-இல் மட்டும் உலகில் சுமார் 1,88,000 பேருக்குப் புதிதாக மைலோமா கண்டறியப்பட்டது.

மஜ்ஜைக்குள் கொழுப்பு என்ன செய்கிறது

கொழுப்பைச் சும்மா கிடக்கும் மூட்டை என்று நினைப்பதுதான் பொதுவான தவறு. அது ஹார்மோன்களைச் சுரக்கும் ஓர் உறுப்பு. வயிற்றுக்குள், குடலைச் சுற்றிச் சேரும் கொழுப்பு இதில் முன்னணியில் நிற்கிறது. கொழுப்பு செல்கள் அளவுக்கு மீறி உப்பினால், உள்ளே ஆக்சிஜன் சரியாகப் போகாமல் சில செத்துப்போகும். செத்த செல்லைத் துப்புரவு செய்ய மேக்ரோபேஜ் என்ற வெள்ளையணுக்கள் ஓடிவந்து அதைச் சுற்றி மாலைபோல நிற்கும். நுண்ணோக்கியில் பார்த்தால் இது கிரீடம் மாதிரித் தெரியும். அங்கே நிற்கிற அணுக்கள் சும்மா நிற்பதில்லை; அழற்சியைத் தூண்டும் புரதங்களை ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கின்றன. காய்ச்சல் இல்லை, வலி இல்லை, ஆனால் உடம்பு வருடக்கணக்கில் லேசாகக் கனன்றுகொண்டே இருக்கிறது.

அந்தப் புரதங்களில் ஒன்று இன்டர்லூக்கின்-6. மைலோமா செல்லுக்கு இது உரம் மாதிரி: அது வளர்வதற்கும் சாகாமல் இருப்பதற்கும் இதையே நம்பியிருக்கிறது. அடுத்தது இன்சுலின். எடை கூடும்போது திசுக்கள் இன்சுலினுக்குச் சரியாகச் செவிசாய்ப்பதில்லை. கணையம் இன்னும் அதிகமாகச் சுரக்கிறது. இன்சுலினும், அதன் உறவினரான ஐஜிஎஃப்-1 என்ற வளர்ச்சிக் காரணியும் செல்களுக்குப் "பெருகு, சாகாதே" என்றே செய்தி அனுப்புகின்றன. மூன்றாவது, அடிபோனெக்டின். கொழுப்பு செல்களே சுரக்கும் நல்ல ஹார்மோன் இது. வேடிக்கை என்னவென்றால், கொழுப்பு கூடக்கூட இது குறைகிறது. மைலோமாவுக்கு எதிராகச் செயல்படும் தன்மை இதற்கு இருப்பது ஆய்வகச் சோதனைகளில் தெரிந்திருக்கிறது.

இவ்வளவும் தூரத்திலிருந்து ரத்தம் வழியாக வருபவை. பக்கத்து வீட்டிலும் கொழுப்பு இருக்கிறது. பிறந்த குழந்தையின் மஜ்ஜை ஏறக்குறைய முழுவதும் சிவப்பு. வயது ஏற ஏற அங்கே கொழுப்பு செல்கள் குடியேறி, வளர்ந்தவர்களில் மஜ்ஜையின் பாதிக்கு மேற்பட்ட இடத்தைப் பிடித்துவிடுகின்றன. பருமனில் இது இன்னும் கூடும். பிளாஸ்மா செல் குடியிருப்பது இந்தக் கொழுப்பு செல்களுக்கு நடுவேதான். தேவையான எரிபொருளும் வளர்ச்சிச் செய்தியும் கை எட்டும் தூரத்திலேயே கிடைத்துவிடுகின்றன.

மைலோமா திடீரென்று வருவதில்லை. எம்ஜியுஎஸ் என்று மருத்துவர்கள் குறிப்பிடும் ஒரு முன்கட்டம் அதற்கு இருக்கிறது. ரத்தத்தில் ஒரே அச்சில் வார்த்த புரதம் டெசிலிட்டருக்கு 3 கிராமுக்குக் குறைவாகவும், மஜ்ஜையில் அந்த பிளாஸ்மா செல்கள் 10 சதவீதத்துக்குக் குறைவாகவும் இருக்கும். எலும்பு, சிறுநீரகம் எதற்கும் சேதம் இருக்காது. 50 வயதைத் தாண்டியவர்களில் சுமார் 3 சதவீதம் பேருக்கு இது இருக்கிறது, பெரும்பாலோருக்கு அது தெரியாது. ஆண்டுக்கு ஏறக்குறைய 1 சதவீதம் பேருக்கு மைலோமாவாகவோ அதைச் சார்ந்த நோயாகவோ மாறுகிறது. எம்ஜியுஎஸ் இருந்த அமெரிக்க முன்னாள் ராணுவத்தினரிடம் செய்த ஆய்வில், அதிக எடை உள்ளவர்களுக்கு இந்த மாற்றம் நடக்கும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. எம்ஜியுஎஸ் என்று ஒருவருக்குச் சொல்லப்பட்டிருந்தால், மாற்றிக்கொள்ள முடிந்த மிகச் சில விஷயங்களில் எடையும் ஒன்று.

எடை தவிர மற்றவை

சிகரெட் வேறு வழியில் வேலை செய்கிறது. சிகரெட் புகையில் பென்சீன் இருக்கிறது. உடம்புக்குள் போய்ச் சிதையும்போது பென்சீன் உண்டாக்கும் பொருள்கள் மஜ்ஜையின் ஸ்டெம் செல்லிலுள்ள டிஎன்ஏவை நேரடியாக உடைக்கின்றன. புகைப்பிடித்தலுக்கும் தீவிர மைலாய்ட் லுகேமியாவுக்கும் உள்ள தொடர்பு சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிறுவப்பட்டது. மேலே சொன்ன ஏஎஸ்எக்ஸ்எல்1 பிழை புகைப்பவர்களிடம் தனியாகத் தூக்கலாகத் தெரிகிறது. பெட்ரோல், பெயின்ட், பசை, காலணித் தொழில்களில் பென்சீன் ஆவியைச் சுவாசிப்பவர்கள், எடையைவிட முதலில் காற்றோட்டத்தையும் கையுறையையும் முகக்கவசத்தையும் கவனிக்க வேண்டும். சாதாரணத் துணி முகக்கவசம் ஆவியைத் தடுக்காது. கரிம ஆவிக்கான வடிகட்டி உள்ளதுதான் பயன்படும்.

உடலுழைப்புக்கு எடையைத் தாண்டியும் ஒரு பங்கு இருப்பதாகத் தெரிகிறது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் 14.4 லட்சம் பேரைப் பின்தொடர்ந்த தரவுகளைச் சேர்த்து 2016-இல் ஓர் ஆய்வு வெளியானது. ஓய்வு நேரத்தில் நிறைய உடற்பயிற்சி செய்தவர்களுக்கு, மிகக் குறைவாகச் செய்தவர்களைவிட மைலாய்ட் லுகேமியா சுமார் 20 சதவீதமும் மைலோமா சுமார் 17 சதவீதமும் குறைவாக வந்திருந்தன. இது கவனித்துக் கணக்கிட்ட ஆய்வு, சோதித்துப் பார்த்தது அல்ல. உடம்பு சரியில்லாதவர்கள் நடக்காமல் இருந்திருக்கலாம் என்ற சந்தேகத்தை முழுக்கத் துடைக்க முடியாது. இருந்தாலும், வேலை செய்யும் தசை சர்க்கரையை இழுத்துக்கொள்வதால் இன்சுலின் குறைகிறது என்பது நன்றாகத் தெரிந்த விஷயம்.

மதுவைப் பற்றி இரண்டு வரி. பல ஆய்வுகளில் மது அருந்துவோருக்கு லிம்போமா கூடுதலாக இல்லை, சற்றுக் குறைவாகக்கூட இருந்திருக்கிறது. இதைக் காட்டிக் கோப்பையைத் தூக்குபவர்கள், அதே மது வாய், உணவுக்குழாய், கல்லீரல், பெருங்குடல், மார்பகப் புற்றுநோய்களுக்குக் காரணம் என்பதையும், மஜ்ஜையைத் தாக்கித் தட்டணுக்களைக் குறைக்கும் என்பதையும் சேர்த்தே படிக்கட்டும்.

சர்க்கரை புற்றுநோய்க்குத் தீனி என்பதும் அடிக்கடி கேட்கும் பேச்சு. எல்லா செல்லும் குளுக்கோஸை எரிக்கிறது. சர்க்கரையை நிறுத்திப் புற்றுசெல்லை மட்டும் பட்டினி போட முடியாது. இனிப்பும் இனிப்புப் பானமும் தீங்கு செய்வது எடையையும் இன்சுலினையும் ஏற்றுவதன் வழியாகத்தான்.

அளந்து பார்ப்பது

பிஎம்ஐ என்பது கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது. 165 செ.மீ. உயரமும் 78 கிலோ எடையும் உள்ளவருக்கு: 1.65 × 1.65 = 2.72, 78 ÷ 2.72 = 28.7. பொது அளவுகோலில் 25-க்கு மேல் அதிக எடை, 30-க்கு மேல் பருமன். ஆசிய மக்களுக்குக் குறைந்த எடையிலேயே வயிற்றுக் கொழுப்பும் சர்க்கரை நோயும் சேர்வதால், 23-லும் 27.5-லுமே விழித்துக்கொள்ளச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு.

பிஎம்ஐக்குத் தசை எது, கொழுப்பு எது என்று தெரியாது. அதனால் டேப்பையும் எடுங்கள். விலா எலும்பின் கடைசி விளிம்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, பக்கவாட்டில் ஒரு புள்ளி குறித்துக்கொண்டு, அந்த மட்டத்தில் சுற்றி அளக்க வேண்டும். சாதாரணமாக மூச்சை விட்ட பிறகு அளக்க வேண்டும். வயிற்றை எக்கிக்கொண்டு அளந்தால் நாமே நம்மை ஏமாற்றிக்கொள்கிறோம். பலரும் பேன்ட் அளவையே இடுப்பளவு என்று நினைத்துக்கொள்கிறார்கள். பேன்ட் தொப்பைக்குக் கீழே நிற்பதால் அது பல அங்குலம் குறைத்துக் காட்டும். சுற்றளவு உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும். மேலே சொன்னவருக்கு 82 செ.மீ. வரை போகலாம்.

இலக்கு முதலில் எடையில் 5 சதவீதம். 78 கிலோவுக்கு அது 4 கிலோகூட இல்லை. வாரத்துக்கு அரைக் கிலோ என்ற வேகம் போதும். அதைவிட வேகமாகக் குறைத்தால் தசையும் சேர்ந்து கரையும், பிறகு திரும்பி வரும் எடையில் கொழுப்பே அதிகம் இருக்கும். வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம், பேச முடிகிற ஆனால் பாட முடியாத வேகத்தில் நடை. அதோடு இரண்டு நாள் தசைக்கு வேலை கொடுக்கும் பயிற்சி. இது பெரியவர்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அளவு. எடை குறைந்தால் ரத்தப் புற்றுநோய் ஆபத்தும் குறையுமா? நேரடிச் சான்று குறைவுதான். ஸ்வீடனில் எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களை நீண்ட காலம் பின்தொடர்ந்ததில், செய்துகொள்ளாத பருமனானவர்களைவிட ரத்தப் புற்றுநோய் குறைவாக இருந்தது; பெண்களிடம் அது தெளிவாகத் தெரிந்தது.

ரிப்போர்ட்டைப் பார்த்துப் பயப்படுவதும் பயப்படாமல் விடுவதும்

பருமனானவர்களின் ரத்தப் பரிசோதனையில் அடிக்கடி ஒரு குழப்பம் வரும். வெள்ளையணு எண்ணிக்கை 4,000 முதல் 11,000 வரை இருக்கலாம் என்று ரிப்போர்ட்டில் போட்டிருக்கும்; இவருக்கு 11,800 வரும், பக்கத்தில் ஒரு சிவப்புக் குறி இருக்கும். இணையத்தில் தேடினால் முதலில் கண்ணில் படுவது லுகேமியா. உண்மையில் பருமனால் வரும் அந்த லேசான அழற்சியே வெள்ளையணுக்களை ஆயிரம், இரண்டாயிரம் ஏற்றி வைக்கும். சிகரெட்டும் அதையே செய்யும். நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணு வகை மட்டும் சற்றுக் கூடுதலாக, ஹீமோகுளோபினும் தட்டணுக்களும் சரியாக, வருடா வருடம் எண்ணிக்கை அங்கேயே நின்றால் பெரும்பாலும் கவலை இல்லை. ஒவ்வொரு முறையும் ஏறிக்கொண்டே போனால், ஹீமோகுளோபின் அல்லது தட்டணு கூடவே இறங்கினால், கண்ணாடித் தகட்டில் ரத்தத்தைப் பூசி நுண்ணோக்கியில் பார்க்கும்போது முதிராத அணுக்கள் தென்பட்டால் ரத்தநோய் மருத்துவரிடம் தாமதமில்லாமல் போக வேண்டும்.

ஹீமோகுளோபின் அதிகமாக வருவதிலும் இதே கதை. தூக்கத்தில் குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருபவர்களுக்கு ஆக்சிஜன் குறைவதால் சிவப்பணுக்கள் கூடலாம். பாலிசைத்தீமியா வீரா என்ற ரத்தப் புற்றுநோயிலும் கூடும். சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபொயட்டின் ஹார்மோனின் அளவும் ஜாக்2 மரபணுப் பரிசோதனையும் இரண்டையும் பிரித்துக் காட்டிவிடும்.

எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்குச் சில வருடங்கள் கழித்து ரத்த அணுக்கள் குறைந்தால், பி12 பார்ப்பார்கள், இரும்பு பார்ப்பார்கள், தாமிரத்தை மறந்துவிடுவார்கள். தாமிரக் குறைபாட்டில் மஜ்ஜை, நுண்ணோக்கியில் புற்றுநோயின் முன்கட்டமான மைலோடிஸ்பிளாசியாவைப் போலவே தோன்றும். துத்தநாக மாத்திரையைக் கேள்விகேட்காமல் மாதக்கணக்கில் விழுங்குபவர்களுக்கும் இதே நிலை வரலாம், ஏனென்றால் துத்தநாகம் குடலில் தாமிரத்தை உள்ளே விடாது. தாமிரம் கொடுத்தால் ரத்தம் சரியாகிவிடும்.

இன்னொரு பொறி, எடை தானாகக் குறைவது. பல வருடம் குறைக்க முயன்று தோற்றவருக்கு, ஒன்றும் செய்யாமலே பேன்ட் தொளதொளத்தால் மகிழ்ச்சியாகத்தான் இருக்கும். ஆறு மாதத்துக்குள் எடையில் 10 சதவீதத்துக்கு மேல் காரணமில்லாமல் இறங்கினால் அது எச்சரிக்கை. கூடவே 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காரணம் தெரியாத காய்ச்சல், படுக்கை விரிப்பை மாற்றும் அளவுக்கு இரவு வியர்வை, வலிக்காத கழுத்து அல்லது அக்குள் கட்டி இருந்தால் லிம்போமாவுக்குப் பார்க்க வேண்டும். மைலோமா வேறு வேஷத்தில் வரும்: படுத்தாலும் விடாத முதுகு வலி, சோகை, திரும்பத் திரும்ப வரும் நிமோனியா, நுரைக்கும் சிறுநீர். பருமனானவருக்கு முதுகு வலித்தால் "எடையைக் குறையுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிடுவது எளிது. 50 வயதைத் தாண்டியவருக்கு முதுகு வலியோடு ஹீமோகுளோபின் குறைவோ சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினினின் உயர்வோ சேர்ந்திருந்தால், சீரம் புரோட்டீன் எலக்ட்ரோஃபோரசிஸ், ஃப்ரீ லைட் செயின் என்ற இரண்டு ரத்தப் பரிசோதனைகளைப் பெயர் சொல்லியே கேட்கலாம்.

நோய் வந்த பிறகு

சிகிச்சையிலும் கொழுப்பு குறுக்கே நிற்கிறது. தீவிர லிம்போபிளாஸ்டிக் லுகேமியா வந்த குழந்தைகளில், பருமனான குழந்தைகளுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம். கொழுப்பு செல்கள் டானோரூபிசின் மருந்தை உறிஞ்சிச் சிதைத்துவிடுவதும், அஸ்பராஜினேஸ் மருந்து ரத்தத்திலிருந்து ஒழிக்கப் பார்க்கும் அமினோ அமிலங்களைப் புற்றுசெல்களுக்கு ஊட்டிவிடுவதும் ஆய்வகத்தில் தெரிந்திருக்கிறது. ஆனால் சிகிச்சை நடக்கும்போது வீட்டிலேயே பட்டினி போட்டு எடை குறைக்கக் கூடாது. தசை கரைந்தால் மருந்தைத் தாங்கும் சக்தி போய்விடும், கிருமித் தொற்றும் எளிதில் வரும். உணவு மாற்றம் எதுவானாலும் சிகிச்சைக் குழுவின் உணவியல் நிபுணர் வகுக்க வேண்டும்.

மருந்தின் அளவைப் பற்றியும் ஒன்று கேட்டுக்கொள்ளலாம். கனமானவர்களுக்கு நச்சு விளைவு கூடிவிடுமோ என்ற பயத்தில் கீமோ மருந்தை உத்தேசமாகக் குறைத்துக் கொடுக்கும் பழக்கம் நெடுங்காலம் இருந்தது. அமெரிக்க மருத்துவப் புற்றுநோயியல் சங்கம் 2012-லும் மறுபடி 2021-லும் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், உண்மையான உடல் எடையைக் கொண்டே முழு அளவைக் கணக்கிட வேண்டும் என்கின்றன. உங்கள் மருந்தளவு எந்த எடையை வைத்துக் கணக்கிடப்பட்டது, அந்த எடை எப்போது எடுத்தது என்று முதல் சுற்றுக்கு முன்பே கேளுங்கள். சிகிச்சையோடு ஸ்டீராய்டு மருந்தும் கொடுத்தால், தொடங்கிய சில வாரங்களிலேயே எடை மாறிவிடும்.